சீசரை மறுபடி பார்த்தேன்

வார இறுதி முழுக்க சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் அக்கா மகனோடு உட்கார்ந்து 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' புது வரிசையில் 2011, 2014, 2017 மூன்றையும் மறுபடி பார்த்தேன். 1968 படத்தில் குரங்குகளுக்கு ஒப்பனைதான் எல்லாம், இதிலோ ஆண்டி செர்கிஸ் நடிக்க நடிக்க அவர் முகத்தின் ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்து அதைச் சீசர் என்ற சிம்பன்சியாக மாற்றியிருக்கிறார்கள். மின்தடியோடு அடிக்க வருபவனின் கையைப் பிடித்து, முதல்முறையாக வாய் திறந்து சீசர் "நோ" என்கிறதே, அந்த இடத்தில் பையன் கடித்த முறுக்கை மெல்ல மறந்துவிட்டான். "மாமா, அது பேசுது!"

எனக்கு இரண்டாவதுதான் உயிர். சீசரின் கூட்டத்துக் குரங்கு கோபா தன் உடம்பிலிருக்கும் ஆய்வுக்கூடத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இதுதான் மனிதர்கள் செய்த வேலை என்று சொல்லும்போது அவன்மேல் கோபமே வரவில்லை. வில்லனுக்கு இவ்வளவு நியாயம் கொடுக்க எத்தனை படங்களுக்குத் தைரியம் இருக்கிறது?

சரி, குறையும் இருக்கிறது. பெண்களை ஏன் இப்படி ஓரங்கட்டினார்கள்? ஃபிரீடா பின்டோவுக்கு முதல் படத்தில் உருப்படியாக ஒரு காட்சி இல்லை, சீசரின் மனைவி கொர்னீலியாவுக்கு அதுவும் இல்லை. அப்புறம் மூன்றாவதில் மனிதர்களின் அத்தனை பெரிய படையை ஒரு பனிச்சரிவு வந்து மூடிவிட்டுப் போகிறது, சீசர் அவ்வளவு பாடுபட்ட பிறகு அந்த முடிவை இயற்கையிடம் விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2024இல் வந்த நான்காவதை அடுத்த சனிக்கிழமை பார்க்கிறோம். சீசர் இருக்காது என்று பையனிடம் இன்னும் சொல்லவில்லை.