பெரிய வீட்டு மூத்த பிள்ளை: தென் பொஹீமிய நாட்குறிப்பு

அக்டோபர் 4, 2025, சனி. ஹ்லுபோகா

செக் நாட்டின் தெற்கே, ஹ்லுபோகா கோட்டைக் கதவின் கைப்பிடியில் ஒரு காக்கை. ஒரு துருக்கியனின் தலைமேல் உட்கார்ந்து அவன் கண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறது. 1598-ல் ஹங்கேரியின் ராப் கோட்டையைத் துருக்கியரிடமிருந்து மீட்டதற்காக அடோல்ஃப் ஷ்வார்ட்சென்பெர்க் என்பவருக்குப் பேரரசர் கொடுத்த குலச்சின்னம் இது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். ஒரு குழந்தை விரலைக் காக்கையின் வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டது.

அரண்மனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வெள்ளை வெளேரென்று, பல்பல்லாய் மதில் விளிம்புகள், 11 கோபுரங்கள், 140 அறைகள். நாடக மேடைக்குப் போட்ட செட் மாதிரி. இங்கே நன்றாகவே இருந்த, பரோக் என்ற பழைய அலங்காரப் பாணி மாளிகையை இடித்துவிட்டு, இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையைப் பார்த்து இதைக் கட்டினார்கள். கட்டியவர் இரண்டாம் யோஹான் அடோல்ஃப் ஷ்வார்ட்சென்பெர்க். 1825-ல் ஒருமுறை இங்கிலாந்து போனவர். 1838-ல் விக்டோரியாவின் முடிசூட்டு விழாவுக்கு ஆஸ்திரியப் பேரரசரின் தூதராக மறுபடியும் போனார். திரும்பி வந்த மூன்றாம் வருடம் வேலை தொடங்கியது. 1871 வரை நடந்தது. முதல் கட்டடக் கலைஞர் ஃப்ரான்ஸ் பேயர் பாதியிலேயே இறந்துபோக, தமாசியுஸ் தேவொரெட்ஸ்கி வந்து முடித்தார்.

மனைவி எலியனோர் லீக்டென்ஸ்டைன் குடும்பத்துப் பெண். 1830-ல் கல்யாணம். வியன்னா மேட்டுக்குடியில் அவர் வைத்ததுதான் சட்டம். இந்த மரச் செதுக்கல், தோல் ஒட்டிய சுவர் எல்லாவற்றிலும் அந்த அம்மாவின் ரசனை தெரிகிறது என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அந்த இருட்டு அறைகளை விட்டு வெளியே வந்து, இரும்பும் கண்ணாடியுமாக நின்ற குளிர்காலத் தோட்டத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

ஹ்லுபோகாவைக் கட்டிய யோஹான் அடோல்ஃபைப் பற்றி அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“ஜமீனாடி?”

“அந்த மாதிரிதாம்மா. ஆனா பெரிசு.”

“எவ்வளவு பெரிசு?”

“ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கு மேல.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஏக்கராக்கிப் பார்க்கிறாள். “நாலு லட்சம் ஏக்கர் கிட்ட வருதே! யாருடி கணக்கு எழுதுனது?”

சரியான கேள்வி. இந்த மனிதரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கும் அதுதான் தோன்றுகிறது. குடும்பத்தில் மற்ற எல்லாருக்கும் கதை இருக்கிறது. இவருக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது.

சித்தப்பா கார்ல் ஃபிலிப், 1813-ல் லைப்ஸிக் போரில் நெப்போலியனை வீழ்த்திய கூட்டுப் படைகளின் தளபதி. அதே சித்தப்பா அதற்கு மூன்று வருடம் முன்னால் பாரிஸில் ஆஸ்திரியத் தூதர். நெப்போலியன் ஆஸ்திரிய இளவரசி மரீ லூயிஸைக் கட்டிக்கொண்டதைக் கொண்டாட, 1810 ஜூலை 1 அன்று தூதரகத் தோட்டத்தில் மரத்தாலேயே ஒரு தற்காலிக நடன மண்டபம் போட்டு விருந்து வைத்தார். மெழுகுவத்திச் சுடர் திரைச்சீலையில் பற்றியது. மண்டபமே எரிந்தது. நெப்போலியன் மனைவியைப் பத்திரமாக வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாராம். யோஹான் அடோல்ஃபின் அம்மா பௌலீனும் தப்பித்துத்தான் இருந்தார். மகளைக் காணோம் என்று மறுபடி உள்ளே ஓடினார். மகள் பிழைத்துக்கொண்டாள். அம்மா போட்டிருந்த நகையை வைத்துத்தான் அவரை அடையாளம் காண முடிந்தது. மறுவருடம் நெப்போலியன் பாரிஸ் தீயணைப்புக்கென்று ராணுவப் படைப்பிரிவு ஒன்றை உண்டாக்கியதற்கு இந்த விபத்துதான் காரணம்.

மூத்த மகன் யோஹான் அடோல்ஃபுக்கு அப்போது 11 வயது. கடைக்குட்டிக்கு ஒன்று.

அந்தக் கடைக்குட்டி ஃப்ரீட்ரிக் பிற்காலத்தில் கார்டினல், பிராக் நகரப் பேராயர். மதக் கோட்பாட்டைப் பற்றிப் போப் அறுதியாகச் சொல்வதில் பிழையே வராது என்று 1870-ல் ரோமில் தீர்மானம் போட்டபோது எதிர்த்து நின்றவர்களில் ஒருவர். நடுவில் ஃபெலிக்ஸ். லண்டன் தூதரகத்தில் சின்ன அதிகாரியாக இருந்தபோது எலன்பரோ பிரபுவின் மனைவி ஜேன் டிக்பியோடு பழகி, விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாகரத்துச் சட்டம் வரை போனது. (அந்த ஜேன் பல கைமாறி, கடைசியில் சிரியாவில் ஒரு பெதூயின் ஷேக்கைக் கட்டிக்கொண்டு டமாஸ்கஸில் வாழ்ந்து முடித்தார். அது தனிக் கதை, இன்னொரு நாள்.) பெரிய வீட்டுப் பிள்ளை எவ்வளவு கெட்டாலும் எழுந்து நிற்கும் என்பதற்கு ஃபெலிக்ஸ் சாட்சி: 1848 நவம்பரில் அவர் ஆஸ்திரியாவின் பிரதமர்.

மூத்தவர் ஊரிலேயே இருந்தார். 1833-ல் அப்பா போனதும் சொத்து கைக்கு வந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு. ஓஹ்ராடா

ஹ்லுபோகாவுக்குப் பக்கத்திலேயே ஏரிக்கரையில் ஒரு வேட்டை மாளிகை. கட்டியவர் ஆடம் ஃப்ரான்ஸ் ஷ்வார்ட்சென்பெர்க். அவரே 1732-ல் பேரரசர் ஆறாம் சார்லஸோடு மான் வேட்டைக்குப் போய், பேரரசரின் குண்டு தவறிப் பாய்ந்து செத்தார். பிராயச்சித்தமாக மகனுக்குத் தங்கக் கம்பளி என்ற உயர்ந்த அரச விருது கிடைத்தது.

இந்த மாளிகையை 1842-ல் அருங்காட்சியகமாக ஆக்கியவர் நம்மவர். உள்ளே பாடம் செய்த ஒரு பெண் கரடி. 1856 நவம்பர் 14 அன்று ஷுமாவா மலைக் காட்டில், ஷ்வார்ட்சென்பெர்க் எல்லைக்குள் சுடப்பட்டது. அந்த மலையில் கடைசிக் கரடி அதுதான். நான் நினைத்ததைவிடச் சின்னது.

முன்னால் இருந்த ஒரு தாத்தா பேரனிடம் செக்கில் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புரிந்தது “கடைசி” என்ற ஒரு சொல்தான்.

அக்டோபர் 15, புதன்

வேலை முடிந்து வந்து 1848 புரட்சி பற்றிப் படித்தேன். தூக்கம் போச்சு.

ஜூன் 12, பிராக். மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவில் தடுப்பு போடுகிறார்கள். படைத்தலைவர் விண்டிஷ்கிரேட்ஸ், நம்மவரின் அக்கா புருஷன். அக்கா பெயரும் எலியனோர்தான். வீட்டு ஜன்னலோரம் நின்றவரைக் குண்டு துளைத்தது. அம்மா தீயில், அக்கா குண்டில். அத்தான் பிராகைப் பீரங்கியால் அடித்து அடக்கினார். அக்டோபரில் வியன்னாவையும் அப்படியே. அடுத்த மாதம் தம்பி ஃபெலிக்ஸ் பிரதமரானார். டிசம்பர் 2-ம் தேதி 18 வயது ஃப்ரான்ஸ் யோசஃப் பேரரசரானார். ஆக அந்த வருடம் ஆஸ்திரியாவைத் தூக்கி நிறுத்தியதில் பாதி ஒரே குடும்பத்தின் வேலை.

இதற்கிடையில், செப்டம்பர் 7-ல், ஒரு சட்டம் சத்தமில்லாமல் வந்தது. ஹான்ஸ் குட்லிக் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானத்திலிருந்து பிறந்தது. குடியானவர்கள் பிரபுவின் நிலத்தில் வாரத்துக்கு இத்தனை நாள் என்று கூலியில்லாமல் உழைத்த ஊழியம் ஒழிந்தது. ஆனால் சும்மா ஒழியவில்லை. அந்த உழைப்புக்கு ஒரு விலை போட்டார்கள். மூன்றில் ஒரு பங்கைத் தள்ளினார்கள், ஒரு பங்கைக் குடியானவன் தவணையில் கட்டவேண்டும், இன்னொரு பங்கு பொதுக் கருவூலத்திலிருந்து. அதாவது, தலைமுறை தலைமுறையாகக் கூலி வாங்காமல் உழைத்தவன், இனி உழைக்காமல் இருப்பதற்குக் காசு கொடுத்தான். கருவூலத்துப் பங்கும் அவன் கட்டிய வரிதான்.

சின்னப் பிரபுக்கள் பலர் அந்தப் பணத்தைக் கடனுக்கும் சீட்டாட்டத்துக்கும் விட்டார்கள். யோஹான் அடோல்ஃப் விடவில்லை. சர்க்கரை ஆலை, மதுவடிப்பு ஆலை, கிராஃபைட் சுரங்கம், நவீனப் பண்ணை என்று முதலாக்கினார். 1855-ல் வியன்னாவில் வங்கிக் குடும்பமான ரோத்ஷில்டோடு சேர்ந்து கிரெடிட்-ஆன்ஸ்டால்ட் வங்கியைத் தொடங்கிய பிரபுக்களில் அவரும் உண்டு. நல்ல நிர்வாகி என்று எல்லாரும் புகழ்கிறார்கள். நல்ல நிர்வாகிதான். முதல் யாருடையது என்பதையும் சேர்த்துச் சொன்னால் எனக்கு ஆட்சேபமில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு. திரெபோன் பக்கம்

மீன்பிடித் திருவிழாக் காலம். இங்கே ஏரிகள் எல்லாம் மனிதன் வெட்டியவை. பெரியது ரோஜ்ம்பெர்க், 1590-ல் முடிந்தது, யாகுப் கிர்ச்சீன் கட்டியது. 489 ஹெக்டேர் நீர். நான் போனது அதற்கு அல்ல, பேர் தெரியாத ஒரு சின்ன ஏரிக்கு. மதகைத் திறந்து நாள் கணக்கில் நீரை வடியவிட்டிருந்தார்கள். மிச்சம் ஒரு குட்டை. மார்பு வரை ரப்பர் உடுப்பு போட்டவர்கள் வலையின் இரண்டு முனையையும் பிடித்து, சேற்றில் கால் புதைய, அங்குலம் அங்குலமாக வளைத்து வந்தார்கள். வலை நெருங்க நெருங்க நீர் கொதிப்பதுபோல் இருந்தது: கெண்டை, எல்லாம் கெண்டை. முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. கைவலையால் அள்ளி மேசையில் கொட்டினார்கள். பொறுக்கிப் பிரிப்பவர் ஒரு பார்வையில் எடை சொல்லி இடதும் வலதுமாகத் தள்ளுகிறார். ஒன்று நழுவி என் ஷூமேல் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, நேரமில்லை.

யோசஃப் ஷுஸ்டா என்ற பெயர் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஷ்வார்ட்சென்பெர்க் ஏரிகளின் மேலாளர். கெண்டை சேற்றைத் தின்று வளர்கிறது என்று ஊர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அதன் குடலைத் திறந்து பார்த்து, அது தின்பது நீரில் வாழும் சிறு உயிர்களை என்று காட்டினார். ஏரிக்குச் சுண்ணாம்பு, மீனுக்குத் தீவனம், வயதுவாரியாகத் தனித்தனிக் குளம் என்று மாற்றினார். பாழாகப்போய், வடித்து வயலாக்கிவிடலாமா என்று பேச்சு வந்த ஏரிகள் பிழைத்தன. யோஹான் அடோல்ஃபுக்கு மீனைப் பற்றி என்ன தெரியுமோ, தெரிந்தவனிடம் வேலையைக் கொடுக்கத் தெரிந்திருந்தது.

முள்ளைக் குறுக்காக நறுக்கிப் பொரித்த கெண்டைத் துண்டுகள் சாப்பிட்டேன். கொஞ்சம் மிளகாய்த்தூள் இருந்திருந்தால் இன்னொரு தட்டு.

அக்டோபர் 25, சனி. பௌபீன்

கரடியைச் சுட்ட இரண்டு வருடத்தில், அதே எஸ்டேட்டில், பௌபீன் என்ற இந்தக் காட்டை வெட்டக்கூடாது என்று உத்தரவு. கேட்டவர் வன அதிகாரி யோசஃப் யோன். ஒப்புக்கொண்டவர் பிரபு. 1858. கோடரி படாத காடு எப்படித் தானாக வாழ்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது யோனின் வாதம்.

இதன் அருமை புரிய வேண்டுமென்றால், அன்றைக்கு மரம் என்றால் என்ன என்று பார்க்கவேண்டும். வியன்னா நகரம் விறகில் குளிர் காய்ந்தது. யோசஃப் ரோசனாவர் என்ற பொறியாளர் 1789 தொடங்கி மலைமுதுகில் வெட்டிய ஷ்வார்ட்சென்பெர்க் கால்வாய், இந்தப் பக்கத்து மரத்தை அந்தப் பக்கத்து டான்யூப் ஆற்றுக்கு மிதக்கவிட்டது. அதற்காக 419 மீட்டருக்கு மலையைக் குடைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மரமும் பணம். அந்த நேரத்தில் பணத்தை நிற்கவிட்டு வேடிக்கை பார்ப்பது என்பது ஒரு கணக்குப் பிள்ளையின் புத்திக்கு ஒவ்வாதது. அதனால்தான் இந்த மனிதரை ஒரே வரியில் முடிக்க முடியவில்லை.

மையக் காட்டைச் சுற்றி வேலி, உள்ளே விடமாட்டார்கள். வெளிப்பாதையில் நடந்தேன். விழுந்த மரத்தின்மேல் பாசி, பாசியின்மேல் வரிசையாகக் குட்டி ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்கள். தாய்மரம் மக்கிப்போனபின் வேர்கள் மட்டும் முக்காலி போல் அந்தரத்தில் நிற்கின்றன, நடுவில் ஓட்டை. அதன் வழியாக ஒரு நாய் போய் வந்தது. ‘ஸ்ப்ரூஸ் ராஜா’ என்று பெயர் வாங்கிய மரம், 57 மீட்டருக்கு மேல் உயரம், 1970-ல் விழுந்தது. கிடந்தபடி கிடக்கிறது.

1870 அக்டோபரில் பெரும்புயல். ஷுமாவாவில் காடு காடாகச் சாய்ந்தது. பின்னாலேயே பட்டை வண்டு வந்து நின்றதையும் தின்றது. பௌபீனிலும் பெரிய சேதம். கடும் பாதுகாப்பில் இருந்த பரப்பு மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. மிஞ்சியதைத்தான் இன்று வேலி போட்டுக் காக்கிறார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு. திரெபோன்

கல்லறைத் திருநாள். ஊர் இடுகாடெல்லாம் மெழுகுவத்தி, பூ, பாட்டிகள். ஷ்வெட் ஏரிக்கரையைத் தாண்டி மரங்களுக்கு நடுவே குடும்பக் கல்லறை. எலியனோர் 1873-ல் இறந்த பிறகு 1874 முதல் 1877 வரை கட்டியது. மேலே தேவாலயம், கீழே பெட்டிகள். உள்ளே போக முடியவில்லை. வெளிப் படிக்கட்டில் இரண்டு மெழுகுவத்தி, யாரோ வைத்தது.

ஃபெலிக்ஸ் இங்கே இருக்கிறார். 1852 ஏப்ரலில், பிரதமர் பதவியிலேயே, 51 வயதில் திடீரென்று போனார். கல்யாணமே ஆகாதவர். அவர் கட்டிய இரும்பு அரசை 1859-லும் 1866-லும் போர்கள் நொறுக்கின. 1867-ல் ஹங்கேரியோடு பங்கு பிரிக்கவேண்டி வந்தது. அண்ணன் 1888 செப்டம்பர் வரை இருந்து, 89 வயதில் ஹ்லுபோகாவில் முடிந்தார். பிள்ளைகள் இரண்டே பேர்: அடோல்ஃப் யோசஃப், மரீ. மகனுக்கு அப்பாவின் நிலம் முழுசாகக் கைக்கு வந்தது. அவருக்கு அடுத்த தலைமுறைகளில் நாஜிகள் 1940-ல் பிடுங்கினார்கள். 1947-ல் செக்கோஸ்லோவாகியா இந்த ஒரு குடும்பத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது.

இரவு அம்மாவுக்கு இதைச் சொன்னேன்.

“நஷ்டஈடு குடுத்தாங்களா?”

“ஒரு காசு இல்ல.”

“அந்தக் குடியானவங்க கட்டுன தவணை?”

“அதுவும் திரும்பி வரல.”

“அப்ப சரி” என்றாள். எது சரி என்று கேட்பதற்குள், அடுப்பில் பால் என்று வைத்துவிட்டாள்.