ஆசிரியர் தரப் பரீட்சை: ஆட்டத்தை விடக் கடதாசிதான் அலைக்கழித்தது

பரதநாட்டிய ஆசிரியர் தரத்தில் சித்தியடைந்துவிட்டேன். செய்முறை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வர்ணம் என்ற நீண்ட உருப்படியை ஆடினேன், தாளம் தட்டி ஜதி சொல்லி நட்டுவாங்கம் செய்து காட்டினேன், முடிந்தது. நொந்துபோனது விண்ணப்பத்திலும் எழுத்துப் பரீட்சையிலும்தான்.

விண்ணப்பத்தோடு முந்தைய தரச் சான்றிதழைக் கொடுத்தேன். வாங்கியவர் அதை அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டையும் என் பக்கமே தள்ளினார். அட்டையில் அப்பாவின் முதலெழுத்து 'எஸ்.', சின்ன வயதில் எடுத்த சான்றிதழில் 'சி.'. "இது வேற ஆள் பிள்ளை" என்றார். பிறப்புச் சான்றிதழ் கொண்டு வரச் சொன்னார். கொண்டு போனால் அது போதாதாம், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியம் செய்யும் சத்தியக் கடதாசியும் வேண்டுமாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இன்னொரு அரைநாள் லீவு வீணாகியிருக்காது. வெள்ளவத்தையில் ஒரு சமாதான நீதவான் ஐயா விறாந்தையில் இருத்தி, ஒவ்வொரு வரியாக வாசித்து, முத்திரை குத்திக் கையெழுத்திட்டுத் தந்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. பிள்ளைகளை முதலாம் தர நடனப் பரீட்சைக்கு அனுப்பும் அம்மாமார் கவனியுங்கள்: பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரை நிரப்புங்கள்.

அப்புறம் நோட்ஸ். வகுப்புக்கு வகுப்பு கைமாறும் ஒரு போட்டோ கொப்பிக் கட்டு எனக்கும் கிடைத்தது. ருக்மிணி தேவி சென்னையில் நிறுவிய நடனப் பள்ளியான கலாஷேத்திரம் 1935இல் தொடங்கியது என்று அதில் இருக்கிறது. 1935 ருக்மிணி தேவி அடையாறில் பிரம்மஞான சபையில் அரங்கேறிய ஆண்டு, கலாஷேத்திரம் 1936. இதையாவது விடலாம். அலாரிப்பு முதல் தில்லானா வரையான மார்க்கத்தை, அதாவது ஒரு கச்சேரியில் உருப்படிகளை ஆடும் வரிசையை, வகுத்ததே அவர்தான் என்றும் ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் சரபோஜி மன்னர் காலத்தில் ஒழுங்குபடுத்தித் தந்த வரிசை அது. ருக்மிணி தேவிக்குக் கற்பித்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே அந்த வழியில் வந்தவர். கோயில்களில் ஆடிய தேவதாசிகளும் அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களும் காப்பாற்றித் தந்ததைத்தான் நாம் ஆடுகிறோம். அவர்களை விட்டுவிட்டு வரலாறு எழுதக் கூடாது.

அந்த நோட்ஸ் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, சனிக்கிழமைகளில் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருந்து குறிப்பெடுத்தேன். அது கைகொடுத்தது. தேவதாசிகள் ஆடிய சதிர், பரதநாட்டியமாக மாறிய காலத்து மாற்றங்களை விளக்கச் சொல்லிக் கேள்வி வந்தது. ஆடுபவருக்குப் பின்னால் நின்றபடி கூடவே நகர்ந்த பக்கவாத்தியக்காரர் மேடையின் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டது, 1932இல் சென்னை மியூசிக் அகாடமி 'பரதநாட்டியம்' என்ற பெயரை ஏற்றது, சிருங்காரத்தை, அதாவது காதல் பாவத்தைக் குறைப்பதை தேவதாசி மரபில் வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி எதிர்த்தது, 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையைத் தடைசெய்த சட்டம் வந்தது எல்லாவற்றையும் காரணத்தோடு எழுதினேன். ஆண்டுகளை மட்டும் பாடமாக்கியிருந்தால் அரைப் பக்கம்கூட நிரம்பியிருக்காது.

இன்னொன்று, ஒற்றைக் கை முத்திரைகள் எத்தனை என்று கேட்டால் வெறும் எண்ணோடு நிறுத்தாதீர்கள். நாட்டிய சாஸ்திரத்தில் 24, அபிநய தர்ப்பணத்தில் 28. எந்த நூலின்படி என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். நோட்ஸ் கட்டில் இந்த இரண்டும் கலந்துதான் கிடக்கின்றன.