வைவாவில் நான் வரையாமல் விட்ட கோடு

சுரங்கப் பொறியியல் இறுதியாண்டில் என் செமினார் தலைப்பு நிலத்தடி நிலக்கரி வாயுவாக்கம். தோண்டி எடுக்கக் கட்டுப்படியாகாத ஆழத்தில் கிடக்கும் நிலக்கரியை இருக்கிற இடத்திலேயே கொளுத்தி, எரிவாயுவாக மேலே கொண்டுவருகிற முறை. முப்பது ஸ்லைடு போட்டிருந்தேன். 1868-இல் வில்லியம் சீமென்ஸ் சொன்ன யோசனை, அப்புறம் மெண்டலீவ், 1912-இல் வில்லியம் ராம்சே என்று வரலாறு மட்டுமே ஆறு ஸ்லைடு. படமும் அழகாக இருந்தது: மேலிருந்து இரண்டு ஆழ்துளைக் கிணறு (போர்), கீழே கறுப்பாக நிலக்கரி அடுக்கு, ஒரு போரில் காற்று இறங்குகிறது, இன்னொன்றில் வாயு ஏறுகிறது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஸ்லைடைப் பார்க்கவே இல்லை. அச்செடுத்துக் கொடுத்திருந்த படத்தை வாங்கி, நிலக்கரிக்கு மேலே தன் பேனாவால் நெளிநெளியாக ஒரு கோடு இழுத்தார்.

"தம்பி, இது தண்ணி. இதை ஏன் விட்டுட்டீங்க?"

"சார், அது... நிலத்தடி நீர் தனி டாபிக் சார்."

"சரி, கீழே தீ வச்சா இந்தத் தண்ணி எங்கே போகும்?"

பதில் வரவில்லை. மதிப்பெண்ணை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அன்று ராத்திரி அந்தக் கோட்டிலிருந்து திரும்பப் படிக்க ஆரம்பித்தேன். இந்தத் தலைப்பை எடுக்கிறவர்கள் நீங்களும் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள். மன்னார்குடிப் பக்கம் மக்கள் எதிர்த்தது நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்தை. அதில் நிலக்கரி எரிவதில்லை. அடுக்கில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் மீத்தேனை, தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துப் பிரித்தெடுப்பார்கள். வாயுவாக்கத்தில் நிலக்கரியே வாயுவாகிவிடும். தண்ணீர் விஷயத்திலும் இரண்டும் நேரெதிர்: அங்கே தண்ணீரை வெளியேற்ற வேண்டும், இங்கே தண்ணீர் சுற்றி நின்று காவல் காக்க வேண்டும்.

வேதியியல் பகுதி எனக்குக் கரிமூட்டத்தால் புரிந்தது. எங்கள் ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, சின்னச் சின்னத் துளை வழியே கொஞ்சமாகக் காற்று விடுவார்கள். காற்று அதிகமானால் மிஞ்சுவது சாம்பல்தான். மூட்டத்தில் புகையைப் போகவிட்டுக் கரியை வைத்துக்கொள்கிறோம். இங்கே புகை நமக்கு, சாம்பல் பூமிக்கு. கார்பனில் ஒரு பங்கு ஆக்சிஜனோடு முழுதாக எரிந்து மோலுக்கு 394 கிலோஜூல் வெப்பம் தருகிறது. அந்த வெப்பத்தில்தான் மற்ற இரண்டு வினைகளும் ஓடுகின்றன. கார்பன் டைஆக்சைடு கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாவதற்கு 172, நீராவி கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் தருவதற்கு 131 கிலோஜூல் தேவை. இந்த மூன்று எண்களும் மனதில் இருந்தால் போதும், மற்றதை அங்கேயே யோசித்துச் சொல்லலாம்.

காற்றை மட்டும் செலுத்தினால் கிடைக்கும் வாயுவில் கன மீட்டருக்கு 4, 5 மெகாஜூல்தான் தேறும். காற்றோடு இறங்கிய நைட்ரஜன் சும்மா மேலே வருவதே காரணம். ஆக்சிஜனும் நீராவியும் செலுத்தினால் 10 வரை எதிர்பார்க்கலாம். இயற்கை எரிவாயுவுக்கு 35-க்கு மேல். அதனால்தான் காற்றூதிய வாயுவைத் தொலைதூரம் குழாயில் அனுப்ப மாட்டார்கள். உஸ்பெகிஸ்தானின் அங்ரென் நிலையம் 1961-லிருந்து பழுப்பு நிலக்கரியில் எடுக்கும் வாயு பக்கத்து அனல் மின் நிலையத்துக்கே போகிறது.

இப்போது அந்தக் கோடு. நிலக்கரி 200 மீட்டர் ஆழத்தில், நீர்மட்டம் 20 மீட்டரில் என்று வையுங்கள். அடுக்கின் மேல் 180 மீட்டர் தண்ணீர் நிற்கிறது, 10 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தின் அலகு) கணக்கில் 18 பார். நிலக்கரி எரிந்து உண்டாகும் குழியின் அழுத்தம் இதற்குக் கொஞ்சம் கீழேயே இருக்க வேண்டும். அப்போது தண்ணீர் உள்நோக்கிக் கசியும், வாயு வெளியே ஓடாது. கசிந்த தண்ணீரும் வீணில்லை, நீராவியாகி வினையில் சேர்ந்துகொள்ளும். ரொம்பக் குறைத்தால் தண்ணீர் கொட்டித் தீ தணியும். 18 பாரை மீறினால் பென்சீன், பீனால் போன்ற நச்சுப் பொருள்கள் நிலத்தடி நீருக்குள் போகும்.

அமெரிக்காவின் வயோமிங்கில் 1970-களில் நடந்த ஹோ கிரீக் சோதனைகளில் அப்படித்தான் ஆனது. குழியின் கூரையும் இடிந்தது. அதே மாநிலத்தில் ஹன்னா அருகே 1987-88-இல் ராக்கி மவுண்டன் சோதனையில் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து நல்ல பலன் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் சின்சில்லாவில் அழுத்தம் மீறி மேலிருந்த பாறை வெடித்து வாயு கசிந்தது. குயின்ஸ்லாந்து அரசு 2016-இல் இந்த முறைக்கே தடை போட்டது, 2018-இல் சின்சில்லா நிலையத்தை நடத்திய லிங்க் எனர்ஜிக்கு 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. இந்த மூன்று இடங்களையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். பாடப்புத்தக அத்தியாயத்தைவிட எனக்கு இவைதான் கைகொடுத்தன.

ராக்கி மவுண்டனில் சோதித்த, காற்று செலுத்தும் முனையைப் பின்னிழுக்கும் முறையைப் பலர் உருப்போடுகிறார்கள். உருப்போட வேண்டாம். விறகடுப்பில் விறகைத் தீக்குள் தள்ளுகிறோம். இங்கே விறகு நகராது, ஆகவே தீயைப் பின்னால் இழுத்துப் புது விறகுக்குக் கொண்டுபோகிறோம். அவ்வளவுதான்.

இந்தியச் செய்தி கேட்டால் ஜார்க்கண்டின் ஜாம்தாரா மாவட்டத்தில் காஸ்தா நிலக்கரி பிளாக். கோல் இந்தியாவின் துணை நிறுவனமான ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் 2024 ஜூனில் முன்னோட்டத் திட்டத்தை ஆரம்பித்தது. முதல் கட்டம் முழுக்கத் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதிப்பது, வாயுவாக்கம் இரண்டாம் கட்டத்தில்தான். ஏன் இந்த வரிசை என்று கேட்டால், மேலே சொன்ன 18 பார் கணக்கு உங்களுக்குத் துணை வரும்.

அடுத்து ஒரு வேலைக்கான நேர்காணலில் இதே தலைப்பு வந்தது. பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது, தமிழில் எழுதுகிறேன். "தீயை எப்படி அணைப்பீர்கள்?" என்றார் நடுவில் இருந்தவர். கரிமூட்டத்தில் துளைகளை அடைப்பது ஞாபகம் வந்தது. "காற்றை நிறுத்துவேன்" என்றேன்.

"வாயு வெளிவரும் போரையும் மூடிவிடலாம், இல்லையா?"

தலையாட்டப் போனவன் நிறுத்திக்கொண்டேன். கண்ணில் அந்த நெளிகோடுதான் தெரிந்தது. "இல்லை சார், திறந்தே வைப்பேன். காற்றை நிறுத்தினாலும் உள்ளே சூடு ஆறும்வரை நிலக்கரியிலிருந்து தாரும் பென்சீனும் வந்துகொண்டே இருக்கும். மூடினால் அழுத்தம் ஏறி எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும்."

அவர் எதையோ குறித்துக்கொண்டு, அடுத்தவரை அனுப்பச் சொன்னார். வேலை கிடைத்தது. போட்டது என்னவோ திறந்தவெளிச் சுரங்கத்தில்.