இரண்டு வேலை செய்த வருடம், ஒன்ராறியோ வரியைக் கையால் போட்டுப் பார்த்தேன்

2024இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எனக்கு இரண்டு வேலை. வாரநாட்களில் ஸ்காபரோவில் ஓர் அலுவலகம், வருடத்துக்கு 48,000 டொலர். சனி, ஞாயிறு ஒரு கடை, அதில் 14,000. அடுத்த மார்ச்சில் வருடச் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி வேலை தருபவர் கொடுக்கும் ரி4 தாள்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு வரி மென்பொருளில் எண்களைப் போட்டேன். கட்ட வேண்டிய பாக்கி 3,072 டொலர் என்று வந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் காசு திரும்பி வந்துதான் பழக்கம். மூன்று தரம் சரிபார்த்தும் அதே எண்.

கடையில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் முன்பே சொல்லியிருந்தார்: "ஓவர்டைம் செய்யாதேங்கோ அக்கா. மேல் வரிப் படிக்குப் போனால் முழுச் சம்பளத்துக்கும் கூட வரி வெட்டுவாங்கள்." அவர் சொன்னதுதான் நடந்துவிட்டது என்று நினைத்தேன். கடை வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கு முன் ஒரு தரம் நானே கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று, ஒன்ராறியோ மாகாண வரிக்கான 428ஆம் படிவத்தை அச்செடுத்து, ஒரு ஞாயிறு இரவு பென்சிலோடு உட்கார்ந்தேன்.

முதலில் வரிக்குரிய வருமானம். மொத்தம் 62,000. அதில் ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் போட்ட 1,450, சி.பி.பி. என்ற கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குக் கட்டியதில் மேலதிகப் பங்கு 550, இரண்டையும் கழித்தால் 60,000. அந்த வருடம் ஒன்ராறியோவில் முதல் 51,446 டொலருக்கு 5.05 சதவீதம். அதற்கு மேல் 102,894 வரை 9.15. அப்புறம் 11.16, 12.16, 13.16 என்று ஏறும், அவை எனக்குத் தேவைப்படவில்லை.

51,446க்கு வரி 2,598.02. மிச்சம் 8,554க்கு 782.69. இரண்டும் சேர்ந்து 3,380.71.

பென்சிலை வைத்துவிட்டு அந்த இரண்டாவது தொகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 9.15 சதவீதம் பட்டது 8,554 டொலரில் மட்டும். கீழே இருக்கும் 51,446ஐ அது தொடவே இல்லை. அந்த 8,554க்கும் 5.05 சதவீதமே போட்டிருந்தால் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தேன். வித்தியாசம் 351 டொலர்கூட இல்லை. அப்படியென்றால் அந்த மூவாயிரம் எங்கிருந்து வந்தது?

கணக்கை முடித்தால்தான் தெரியும். அடிப்படைத் தனிநபர் தொகை 12,399, சி.பி.பி. அடிப்படைப் பங்களிப்பு 2,722.50, ஈ.ஐ. என்ற வேலையிழப்புக் காப்புறுதிக்குக் கட்டியது 1,029.20. இவற்றின் கூட்டுத்தொகையில் 5.05 சதவீதம், அதாவது 815.61, வரியிலிருந்து கழியும். இந்தத் தொகைகளை வருமானத்திலிருந்து கழிக்கக் கூடாது. முதல் தடவை நான் அப்படித்தான் பிழை விட்டேன். மீதி 2,565.10. மென்பொருளோ 3,165.10 என்றது. சரியாக 600 இடிக்கிறது. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் படிவத்தின் அடிப்பக்கத்தில் கண்டேன்: ஒன்ராறியோ சுகாதாரப் பிரீமியம். அதற்கு வேறு படிகள். 48,600 முதல் 72,000 வரை வருமானம் உள்ளவருக்கு 600 டொலர். இதை விட்டுவிட்டு மாகாண வரியை மதிப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து மறக்காதீர்கள்.

மாகாண வரி 3,165.10. மத்திய வரியையும் அதே முறையில் போட்டேன், 6,093.86. ரி4இன் 22ஆம் பெட்டியில் பிடித்த வரி இரண்டும் சேர்ந்தே இருக்கும், மாகாணப் பங்கு தனியாகத் தெரியாது. அலுவலகத் தாளில் 6,186 டொலர் சொச்சம். கடைத் தாளில் பூச்சியம்.

விஷயம் அங்கேதான் இருந்தது. சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று வேலை தருபவர் கணக்கிட நாம் நிரப்பிக் கொடுப்பது ரி.டி.1 படிவம்; கடையில் சேர்ந்தபோது கொடுத்த அந்தப் படிவங்களில் மத்திய, மாகாண அடிப்படைத் தொகைகளை நான் அங்கேயும் கோரியிருந்தேன். அலுவலகம் ஏற்கனவே அவற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கடையின் கணக்கில் நான் வருடத்துக்கு 14,000 மட்டும் சம்பாதிக்கும் ஆள், வரியே வராது. உண்மையில் அந்த 14,000 என் 48,000க்கு மேலே போய் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஒவ்வொரு டொலருக்கும் வரி உண்டு, ஒரு பகுதிக்கு மேல் படி வீதத்தில். யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. வருடம் முழுக்கப் பிடித்திருக்க வேண்டியது ஒரே நாளில் வந்து நின்றது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 30க்கு முன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினேன். மனம் கஷ்டப்பட்டது உண்மை. அடுத்த வாரமே கடையில் புதிய ரி.டி.1, ஒன்ராறியோ ரி.டி.1 இரண்டையும் நிரப்பிக் கொடுத்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட வேலை உண்டு என்ற பெட்டியில் குறியிட்டு, மொத்தக் கோரிக்கை பூச்சியம் என்று எழுதினேன். அப்படிச் செய்தாலும் கடை கீழ்ப்படி வீதத்தில்தான் பிடிக்கும், கொஞ்சம் குறையும். அதனால் மத்திய படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், ஒவ்வொரு சம்பளத்திலும் 20 டொலர் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி எழுதிவிட்டேன்.

அந்தப் பென்சில் கணக்குத் தாளைத் தம்பியிடம் காட்டினேன். 351 என்ற எண்ணில் விரலை வைத்து, "இவ்வளவுதானா அக்கா?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை இருவருமே ஓவர்டைம் எடுத்தோம்.