ஒளிப்புள்ளியை ஆர் தள்ளினது?

வட நோர்வேயின் ட்ரொம்சோவுக்குச் சுற்றுலா வரும் நம் பழைய மாணவர்கள் துருவ ஒளியின் நிறத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். 100 கிலோமீற்றருக்குச் சற்று மேலே ஒட்சிசன் அணுக்கள் பச்சை தரும். 200 கிலோமீற்றரைத் தாண்டினால் அதே ஒட்சிசன் சிவப்பு தரும். எனக்கு நிறத்தைவிட வடிவம் பெரிது. அந்தப் பார்வை யாழ்ப்பாணத்தில், நம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் கிடைத்தது.

உயர்தர வகுப்பில் சேர் யன்னல்களைச் சாத்திவிட்டு, திரையில் இலத்திரன்களைப் பாய்ச்சும் கதோட்டுக்கதிர்க் குழாயை இயக்கிக் காட்டுவார். காந்தத்தைக் கிட்டக் கொண்டுவந்ததும் திரையில் ஒளிப்புள்ளி நகரும். "புள்ளி எங்க போகுது எண்டு பாத்தாப் போதாது. அதை ஆர் தள்ளினது எண்டு சொல்லுங்கோ" என்பார். விடை வரும்வரை விடமாட்டார். இன்னொரு நாள், பூமியின் காந்தக்கோடுகள் நிலத்துக்கு எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று காட்டும் சாய்வு ஊசி. அந்தச் சாய்வே இல்லாத காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டி, நமக்குப் பக்கத்தால் போவதால், யாழ்ப்பாணத்தில் அந்த ஊசி ஏறக்குறையக் கிடையாக நிற்கும். ட்ரொம்சோவிலோ நிலத்தைக் குத்தி நிற்கும். இங்கிருந்து எழும் காந்தக்கோடுகள், பூமியின் இரவுப் பக்கத்தில் நீண்ட வாலாக இழுபட்டுக் கிடக்கும் காந்தக்கோளத்துக்குள், அதாவது பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளிக்குள், போகின்றன. அந்த வாலில் நடப்பதெல்லாம் கோடுகள் வழியே இறங்கி நம் தலைக்கு மேல் ஒளியாக வரையப்படுகிறது.

நோர்வேயின் பழைய 200 குரோணர் தாளில் முகம் பதிந்த பௌதிகவியலாளர் கிறிஸ்தியான் பிர்க்கலாண்ட் செய்ததும் இதே பரிசோதனைதான். காற்றகற்றிய பெட்டிக்குள் காந்த உருண்டை ஒன்றை வைத்துக் கதோட்டுக்கதிர்களைப் பாய்ச்சினார். உருண்டையின் முனைகளைச் சுற்றி ஒளி வளையம் தோன்றியது. காந்தக்கோடுகள் வழியே மின்னோட்டம் இறங்குகிறது என்ற அவருடைய கருத்தைப் பலர் ஏற்கவில்லை. அவர் 1917இல் இறந்தார். செயற்கைக்கோள்கள் அதை உறுதிசெய்ய 1960கள், 70கள் ஆகிவிட்டன. நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

சரி, வடிவங்களுக்கு வருவோம். முன்னிரவில் கிழக்கு மேற்காக மெல்லிய வில் ஒன்று அமைதியாகக் கிடக்கும். சிலவேளை அதன் நீளத்துக்கு ஒளிமுடிச்சுகள் வரிசையாகத் தோன்றும். தொலைவில் காந்தக்கோளத்தில் உள்ள மின்னூட்டிய வாயுவான பிளாஸ்மா நிலைகுலையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சில நிமிடங்களில் வில் பிரகாசித்து, உடைந்து, வடக்கு நோக்கி விரியும். பெரிய மடிப்பொன்று மேற்கே ஓடும். இந்த ஒழுங்கை 1964இல் துருவ ஒளி ஆய்வாளர் ஸ்யுன்-இச்சி அக்காசோபு துணைப்புயல் என விவரித்தார். வாலில் இழுபட்டிருந்த காந்தக்கோடுகள் அறுந்து மீள இணையும்போது, தேங்கிக் கிடந்த சக்தி விடுபடுகிறது. வில் வெடிப்பதற்கு முன்னரே அந்த மீளிணைப்பு நடக்கிறதா? இதை அறிய நாசா 2007இல் தெமிஸ் என்ற 5 செயற்கைக்கோள்களை ஏவியது. கனடாவிலும் அலாஸ்காவிலும் கமராக்கள் வானத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தன. மீளிணைப்பே முந்தியது என்று 2008இல் அறிவித்தார்கள். விவாதம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது விடியப்புறம் வருவது. மங்கலான திட்டுகள் சில செக்கன்களுக்கு ஒருமுறை எரிந்து எரிந்து அணையும். அவற்றைத் துடிக்கவைப்பது, பல்லாயிரம் கிலோமீற்றர் தள்ளி மத்தியகோட்டுக்கு மேலே எழும் கோரஸ் என்ற மின்காந்த அலைகள். ஒலியாக மாற்றிக் கேட்டால் விடியற்காலைப் பறவைச் சத்தம் போலவே இருக்கும். இந்த அலைகள் எழும்போதெல்லாம் இலத்திரன்களைச் சிதறடித்துக் கீழே விழுத்துகின்றன, திட்டு எரிகிறது. அலை அடங்கத் திட்டும் அணைகிறது. ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் அலையையும் சிதறிய இலத்திரன்களையும் சேர்த்து அளந்து, 2018இல் இதை நேரடியாகக் காட்டியது. சேர் கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

ஆகவே இங்கே வருபவர்கள் நள்ளிரவு ஆட்டம் முடிந்ததும் பஸ் ஏறிவிடாதீர்கள். மூன்று நாலு மணிவரை நில்லுங்கள். பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிவந்து, ஒரு திட்டைத் தெரிந்தெடுத்து, அது எத்தனை செக்கனுக்கு ஒருமுறை துடிக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் அதைத் துடிக்கவைப்பது ஆர் என்று கேளுங்கள்.