ஏற்றத்தில் மட்டும் சிமிட்டிய எஞ்சின் விளக்கு

எங்கள் வண்டி பத்து வயதைத் தொட்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். சேலத்துக்குள் ஓட்டும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. கோரிமேட்டைத் தாண்டி, அடிவாரத்தில் ஏற்காடு மலைப்பாதையைப் பிடித்து, இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் குணம் மாறிவிடும். வண்டி உதறும், மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு சிமிட்டும். காலைத் தளர்த்தினால் சிமிட்டல் நின்று, விளக்கு நிலையாக எரியும்.

நிலையாக எரிகிற விளக்கென்றால் நேரம் பார்த்துப் பட்டறைக்குப் போகலாம். சிமிட்டினால் அப்படித் தள்ளிப்போடக் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது என்று பொருள். மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். அந்தப் பெட்ரோல், புகைக் குழாயில் நச்சு வாயுக்களைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே நுண்துளைகளுடன் இருக்கும் பீங்கான் அளவுக்கு மீறிச் சூடேறி உருகிப்போகும். கன்வர்ட்டரின் விலையை ஒருமுறை விசாரித்தவர் யாரும் சிமிட்டும் விளக்கோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற மாட்டார்.

பட்டறையில் வண்டியை நிறுத்தியபடி எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். சீராக ஓடியது. ஸ்கேனரில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று காட்டவே, “ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும் சார், மாற்றிவிடலாம்” என்றார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. புகைக் குழாயில் இருக்கும் அந்தச் சென்சார் ஆக்சிஜனை மட்டுமே அறியும், பெட்ரோலை அறியாது. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அதிலிருந்த ஆக்சிஜனும் செலவாகாமல் அப்படியே வெளியே வரும்; சென்சார் அதைப் பார்த்து ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்லும். உள்ளதைச் சொன்ன சென்சாரையே குற்றவாளியாக்கி மாற்றுவது பல இடங்களில் நடக்கிறது.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனை சாக்கெட்டில் செருகி, கைப்பேசியில் பார்க்கும் சிறிய ப்ளூடூத் ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது. அதில் வந்த குறியீடு பி0303. கடைசி இலக்கம் சிலிண்டரைக் காட்டும். 0300 என்று வந்தால் குறிப்பிட்ட ஒன்று இல்லை என்று அர்த்தம். குறியீட்டைவிட எனக்கு உதவியது அது பதிவான நொடியின் விவரம்: எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தது, வேகம் குறைவு, சுமை மட்டும் மிக அதிகம்.

சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கில் பொறி தாவுவதற்குத் தேவைப்படும் மின்னழுத்தம் எப்போதும் ஒன்றல்ல. அந்த மின்னழுத்தத்தை உண்டாக்கிக் கொடுப்பது ஒவ்வொரு பிளக்கின் மேலும் உட்கார்ந்திருக்கும் காயில். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தச் சிலிண்டருக்குள் காற்று கூடுதலாக நிறைந்து அழுத்தம் ஏறும். அதைத் துளைத்துத் தாவ மின்சாரம் அதிகம் சிரமப்பட வேண்டும். வழியில் காயிலின் ரப்பர் உறையில் ஒரு விரிசல் இருந்தால் பிளக்கை விட்டுவிட்டு அதன் வழியாகப் பக்கத்து உலோகச் சுவருக்குப் பாய்ந்துவிடும். சமதளத்தில் இந்தக் குறை தலைகாட்டாது. சுமார் 280 மீட்டர் உயரத்திலிருக்கும் சேலத்திலிருந்து 1,500 மீட்டருக்கு இழுத்துக்கொண்டு போகும் சாலையில்தான் வெளிப்படும். பட்டறைத் தரையில் எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் இது பிடிபட்டிருக்காது.

எஞ்சின் ஆறியபின் மூன்றாவது காயிலை உருவினேன். பத்து எம்எம் போல்ட் ஒன்றுதான். காயிலின் நுனி எண்ணெயில் ஊறியிருந்தது. அதன் ரப்பர் உறை உப்பி, ஓரத்தில் மெல்லிய பிளவு. அதைப் பார்த்ததுமே புதுக் காயில் வாங்கக் கை பரபரக்கும். வாங்குவதற்குமுன் இடம் மாற்றிப் பார்ப்பதுதான் என் வழக்கம். மூன்றாவது காயிலை இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை மூன்றாவதில் வைத்தேன். பிளக்குகளைத் தொடவில்லை, ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். பழைய குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி மலைப்பாதை. முதல் சில வளைவுகளிலேயே உதறல் வந்தது. உடனே காலை எடுத்து, அகலமான ஓரமாக நிறுத்தி ஸ்கேனரைப் பார்த்தேன். பி0302. குறை காயிலோடு சேர்ந்து இடம் மாறியிருந்தது. அதற்குள் குரங்கு ஒன்று பானட்டில் ஏறி வைப்பரை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாதையில் நிறுத்தினால் இந்த வரி கட்டியே ஆக வேண்டும்.

காயில் ஒன்று, பிளக் நான்கு வாங்கினேன். மூன்றாவது பிளக்கைக் கழற்றியபோது அதன் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு போல ஒரு கருப்புத் தடம், ரப்பரின் பிளவுக்கு நேராக. இந்தத் தடம் கரி. மின்சாரத்துக்கு அது பழகிய பாதை. பிளக்கை அப்படியே விட்டுக் காயிலை மட்டும் மாற்றினால் புது ரப்பரும் அதே இடத்தில் எரியும்.

எதிர்வீட்டு அண்ணன் பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “பிளக் இல்லாததுதான் தம்பி எஞ்சின்” என்று டீசல் பெருமை பேசியபடியே, ஒரு துண்டு பெட்ரோல் குழாயை வெட்டிக் கொடுத்தார். பிளக்கின் தலையில் அதை மாட்டிக் குழிக்குள் இறக்கித் திருகினால், மரை சரியாகப் பிடிக்காதபோது குழாய் வழுக்கிச் சுற்றுமே தவிர அலுமினிய மரை கெடாது. கையால் முழுக்க ஏறியபின் ஸ்பானரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல். வாஷர் வைத்த புதுப் பிளக்குக்கு அது போதும்.

அடுத்து அடிவாரத்திலிருந்து ஏரி வரைக்கும் இரண்டாம் கியரில் வேண்டுமென்றே அழுத்தி ஓட்டினேன். இருபதாவது வளைவு கடந்தும் உதறல் இல்லை, விளக்கும் வரவில்லை. பெட்ரோல் அளவும் பழைய சென்சாரிலேயே ஒழுங்குக்கு வந்துவிட்டது.

ஆனால் பிளக் குழிக்குள் எண்ணெய் வந்த வழி இன்னும் அடைபடவில்லை. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவருக்கு அடியில் குழியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கிறது. குழியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அந்த வளையங்கள் அடங்கிய கேஸ்கெட் செட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் கவரைத் திறக்க வேண்டும், அப்போது மற்ற மூன்று காயில்களின் ரப்பரையும் பார்த்துவிடலாம்.