மூக்குத் தண்டு ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு

போன மாசி மாதம் எனக்கு மூக்குத் தண்டு வளைவுக்கு ஆபரேஷன் நடந்தது. தண்டு என்பது இரண்டு மூக்குத் துளைகளுக்கும் நடுவில் இருக்கிற சுவர். அதற்குப் பிறகு கம்பெனியிலும் சொந்தபந்தத்திலும் "எனக்கும் தண்டு வளைஞ்சிருக்குன்னு சொல்றாங்க, பண்ணிக்கலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை முழுசாக ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. எனக்குப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கியதும், நான் பட்டதும்தான் இதில் இருக்கிறது.

எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்தே இடது மூக்கு அடைப்புதான். சின்ன வயதில் களத்து மேட்டில் விழுந்து மூக்கில் அடிபட்டதாக அம்மா சொல்வார். தண்டு வளைவதற்கு அடி ஒரு காரணம். பிரசவத்தின்போது மூக்கு அழுந்துவதாலும் வளையலாம். எந்த அடியும் படாமல் முகம் வளரும் காலத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடுவதும் உண்டு. துல்லியமாக நடுவில் நேராகத் தண்டு இருப்பவர்கள்தான் குறைவு. வளைந்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை, வைத்தியமும் தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்ததுமே பயந்துபோகிறவர்கள் நிறைய.

என் தொந்தரவு வேறு மாதிரி இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், தும்மலும் நிற்காது. ராத்திரி வாயைத் திறந்துதான் தூக்கம். காலையில் தொண்டை காய்ந்து, குரலே வராது. குனிந்தால் கன்னத்திலும் புருவத்துக்கு மேலேயும் கனக்கும். வருஷத்துக்குப் பல தடவை சைனஸ் என்று ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறேன். அம்மா நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்க வைப்பார், மஞ்சளைச் சுட்டுப் புகை காட்டுவார். கொஞ்ச நேரம் திறந்த மாதிரி இருக்கும், மறுபடி அடைத்துக்கொள்ளும். சில ராத்திரி இரண்டு பக்கமும் ஒன்றாக அடைத்து, மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவேன். "ஏனுங்க, இப்படியே எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க?" என்று வீட்டில் அழுத்திச் சொன்ன பிறகுதான் கோவையில் இ.என்.டி. டாக்டரிடம் போனது.

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மருந்தில் நனைத்த பஞ்சை இரண்டு மூக்கிலும் வைத்துக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். மூக்கு மரத்துப்போய், தொண்டை வரை கசப்பு இறங்கியது. அப்புறம் பென்சிலைவிட மெல்லிய, கேமரா வைத்த எண்டோஸ்கோப் குழாயை உள்ளே விட்டார். வலி இல்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்த டிவியில் என் மூக்கின் உட்புறம் தெரிந்தது. இடது பக்கம் நடுச்சுவர் முன்னால் புடைத்து வழியை அடைத்து நின்றது. இன்னும் உள்ளே போனால் சுவரிலிருந்து முள் மாதிரி ஒரு முனை நீட்டி, எதிரே இருக்கும் சதையில் குத்திக்கொண்டிருந்தது. வலது பக்கம் தண்டு ஒதுங்கியதால் வழி அகலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே பக்கவாட்டுச் சதை பருத்து, இருந்த இடத்தையெல்லாம் நிரப்பிவிட்டிருந்தது. தண்டு ஒரு பக்கம் சாய்ந்தால், காலியாகும் மறுபக்கத்தில் சதை இப்படித்தான் வளர்ந்துகொள்ளுமாம்.

இரண்டு பக்கமும் ஒன்றாக அடைப்பதற்கு அன்றுதான் காரணம் தெரிந்தது. எல்லாருக்குமே மூக்குச் சதை சில மணி நேரத்துக்கு ஒரு பக்கம் என்று மாறி மாறி வீங்கும், வடியும். ஒரு பக்கம் அடைக்கும்போது மறுபக்கம் திறந்திருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. எனக்கு இடது பக்கம் எப்போதும் அடைப்பு. வலது பக்கம் வீங்கும் முறை வந்தால் மூச்சுக்கு வழியே இல்லை.

"அப்போ ஆபரேஷன்தானுங்களா?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதீங்க. உங்க அடைப்புல தண்டோட பங்கு எவ்வளவு, அலர்ஜியோட பங்கு எவ்வளவுன்னு முதல்ல பிரிச்சுப் பார்க்கணும். அலர்ஜி வீக்கத்தை மருந்துல குறைச்சுடலாம். தண்டை எந்த மருந்தாலயும் நிமித்த முடியாது" என்றார்.

ஆபரேஷன் யோசனையில் இருக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த வாக்கியத்தைத்தான். ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புத் தண்ணீர் கழுவலும் எழுதிக் கொடுத்து, இரண்டு மாசம் போல விடாமல் செய்யச் சொன்னார். ஸ்டீராய்டு என்றதும் என் முகம் மாறியதைப் பார்த்து, இது மூக்குக்குள் மட்டும் வேலை செய்யும் சின்ன அளவு, உடம்பில் மிகக் கொஞ்சம்தான் சேரும் என்று தைரியம் சொன்னார். ஸ்பிரே அடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்து, வலது கையால் இடது மூக்குக்கும் இடது கையால் வலது மூக்குக்கும், முனை காதுப் பக்கம் பார்க்கிற மாதிரி பிடித்து அடிக்க வேண்டும். நேராக நடுச்சுவரில் அடித்தால் அங்கே புண்ணாகி ரத்தம் வரும். ஒன்றிரண்டு நாளில் பலன் தெரியாது, ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் "இது வேலைக்கு ஆகலை" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

மெடிக்கலில் கேட்டதும் கொடுக்கிற, உடனே மூக்கைத் திறக்கிற சொட்டு மருந்து வேறு. அதை 5 நாளுக்கு மேல் தொடர்ந்து போடவே கூடாது. போட்டால் மருந்து இறங்கியதும் முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி சொட்டு விடத் தோன்றும், விட முடியாமல் போகும். எங்கள் செக்‌ஷனில் சட்டைப் பையில் அந்தப் பாட்டில் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாத ஒரு தம்பி இருந்தான். அவனுக்குத் தண்டு வளைவு பெரிதாக இல்லை, சொட்டு மருந்துதான் அடைப்பே. டாக்டர் மேற்பார்வையில் நிறுத்திய பிறகு சரியானான்.

மருந்தில் எனக்குத் தும்மல் பாதியாகக் குறைந்தது, வலது பக்கம் நன்றாகத் திறந்தது. இடது பக்கம் அசையவே இல்லை. அந்த இடத்தில்தான் ஆபரேஷன் முடிவானது, என் மனசும் தெளிவானது. சி.டி. ஸ்கேனில் சைனஸ் எப்படி இருக்கிறது, அதையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டுமா என்று பார்த்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு, அதாவது பாலிசி எடுத்து அவ்வளவு காலம் ஆன பிறகுதான் பணம் தருவார்கள், பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள். என் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் முதலில் அழகுக்காகச் செய்வதோ என்று சந்தேகப்பட்டு இழுத்தடித்தார்கள். எண்டோஸ்கோபி படமும், மருந்து கொடுத்துப் பார்த்தும் அடைப்பு தீரவில்லை என்று டாக்டர் எழுதிய கடிதமும் போன பிறகு ஒப்புக்கொண்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இது வழக்கமாகச் செய்கிற ஆபரேஷன்தான், வசதி இல்லாதவர்கள் தயங்காமல் அங்கே போகலாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா மருந்துச் சீட்டைத் திருப்பி ஒரு படம் வரைந்து காட்டினார். நடுச்சுவரின் முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. மேல் ஓரத்திலும் முன் ஓரத்திலும் பட்டையாக ஒரு கோடு இழுத்து, "இந்த ரெண்டு ஓரமும் ஒரு சென்டிமீட்டராவது இருந்தே ஆகணும். மூக்கைத் தாங்கறதே இதுதான்" என்றார். 1900களின் தொடக்கத்தில் வந்த பழைய முறையில் அந்த ஓரங்களை மட்டும் விட்டுவிட்டு, நடுவில் இருப்பதைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். சிலருக்குப் பின்னாளில் மூக்கின் மேல்பகுதி பள்ளமாகிவிடும். இப்போது செய்வதில் முடிந்தவரை குருத்தெலும்பை வைத்துக்கொண்டு, கோணலாக இருக்கிற இடத்தை மட்டும் எடுத்தோ சீவியோ நடுவுக்குக் கொண்டுவருகிறார்கள். எல்லாம் மூக்குத் துளைக்குள்ளேயே, வெளியில் தழும்பு கிடையாது, மூக்கின் வடிவமும் மாறாது. தண்டை நடுவுக்கு நகர்த்தினால் வலது பக்கம் இடம் குறையும் என்பதால், அங்கே பருத்திருந்த சதையையும் அதே சமயம் சுருக்கிவிட்டார்கள்.

ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மயக்க டாக்டரின் கேள்விகள் எல்லாம் வழக்கம்போல. ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனக்கு முழு மயக்கம். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கஷ்டம் என்றால் அன்று ராத்திரிதான். வலி நினைத்த அளவுக்கு இல்லை, மாத்திரையில் அடங்கியது. ஆனால் இரண்டு மூக்கிலும் பேக் வைத்திருப்பார்கள். உள்ளே வைக்கும்போது தட்டையாக இருந்து, ஈரம் பட்டதும் உப்பிக்கொள்ளும் ஸ்பாஞ்ச் அது. மூச்சு முழுக்க வாயால்தான். வாய் மரத்தூளைக் கொட்டியது போலக் காய்ந்துவிடும். எச்சில் விழுங்கினால் காது அடைக்கும். கண்ணீர் மூக்குக்குள் வடியும் வழியும் அடைபட்டிருப்பதால் கண்ணில் நீர் கோத்துக்கொண்டே இருக்கும். இதெல்லாம் வரும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். தலையை உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்து, நனைத்த துணியை உதட்டின் மேல் போட்டுக்கொண்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்து விடியும்வரை ஓட்டினேன். மூக்குக்குக் கீழே வைத்த பஞ்சு சிவப்பாக நனையும், மாற்றுவார்கள், விடிவதற்குள் இளஞ்சிவப்பாகிவிட்டது.

மறுநாள் பேக்கை எடுத்தார்கள். உப்புத் தண்ணீர் விட்டு ஊற வைத்து, "வாயால மூச்சு விடுங்க, கண்ணைத் திறந்தே வச்சுக்கங்க" என்று சொல்லி இழுத்தார் நர்ஸம்மா. மூக்குக்குள் இவ்வளவு நீளமா இருந்தது என்று தோன்றும். கண்ணுக்குள் ஒரு சுரீர், கொஞ்சம் ரத்தம், அடுத்த மூச்சில் இடது பக்கம் வழியாகச் சில்லென்று காற்று உள்ளே போனது. சாயங்காலத்துக்குள் வீக்கத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது. அப்போது மனசு உடைந்துவிடாதீர்கள், அது வடிய வாரங்கள் ஆகும். நடுச்சுவரின் இரண்டு பக்கமும் சிலிகான் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள், அதை எடுத்தது ஒரு வாரம் கழித்து. மேல் முன்பற்களில் உணர்ச்சி குறைந்திருந்தது, அதுவும் தானாகத் திரும்பிவிட்டது.

ஆபரேஷனில் பாதி டாக்டர் கையில், மீதிப் பாதி வீட்டில் நாம் மூக்கைப் பார்த்துக்கொள்வதில் என்றே சொல்வேன். உப்புத் தண்ணீரால் ஒரு நாளைக்குப் பல முறை கழுவ வேண்டும், அதற்குக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடக் கூடாது, மூளையைத் தாக்கும் அமீபா நுழைவது மூக்கு வழியாகத்தான். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பொருக்கை விரலால் எடுக்கக் கூடாது, ஊறி வருவது தானாக வரும், வராததை டாக்டர் எடுப்பார். பாரம் தூக்குவது, குனிந்து வேலை செய்வது, ஆவி பிடிப்பது எதுவும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அம்மாவுக்கு ஆவி பிடிக்க விடாததுதான் பெரிய வருத்தம். "சூடு பட்டா ரத்தம் வருமுங்கம்மா" என்று டாக்டரே போனில் சொன்ன பிறகு, ராகிக் கஞ்சியை ஆற வைத்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார். பஞ்சுத் தூசியில் வேலை என்பதால் எனக்கு லீவைக் கொஞ்சம் நீட்டியே கொடுத்தார்கள்.

இரண்டு பக்கமும் சுத்தமாக அடைத்து, வலி கூடி, காய்ச்சலும் வந்தால் நடுச்சுவருக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே போய்விட வேண்டும். அதை வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு செத்துப்போகும். ரத்தம் நிற்காமல் வந்தாலும், குனிந்தால் தெளிந்த தண்ணீராகச் சொட்டினாலும் உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இப்போது வாயை மூடித் தூங்குகிறேன். காலையில் தொண்டை காய்வதில்லை. சமையலறையில் கறிவேப்பிலை தாளிக்கிற வாசம் வாசல் வரை வருவது எனக்குப் புதுசு. குறட்டை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. குறட்டை அண்ணத்திலிருந்தும் உடம்பு எடையாலும் வரும், மூக்கை மட்டும் சரிசெய்தால் போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அலர்ஜியும் போகவில்லை. மாஸ்க் இல்லாமல் கட்டிங் டேபிள் பக்கம் போவதில்லை, ஸ்பிரேயும் தொடர்கிறது. ஆபரேஷன் எடுத்துக்கொண்டது தண்டின் பங்கை மட்டும்தான், அதை முழுசாக எடுத்துக்கொண்டது.

என் அண்ணிக்கும் ஸ்கேனில் தண்டு வளைவு என்று வந்தது. அவருக்கு மூக்கடைப்பே கிடையாது, ஒற்றைத் தலைவலிதான். அவரும் ஆபரேஷனுக்குக் கிளம்பியபோது, முதலில் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். மைக்ரேன் என்று மருந்து கொடுத்தார்கள், தலைவலி அடங்கியது, தண்டு அப்படியே இருக்கிறது. தங்கை மகனுக்கு நிஜமாகவே ஒரு பக்கம் அடைப்பு, 13 வயதாகிறது. மூக்கும் முகமும் வளர்கிற வயதில், மூச்சுக்கே வழியில்லாத அளவு மோசமாக இருந்தாலொழிய கத்தி வைப்பதில்லையாம். அவனுக்கு இப்போதைக்கு ஸ்பிரேயும் உப்புத் தண்ணீரும்தான், மற்றதை 17 வயசுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.